பேட்டரியை மாற்றியதாக பில் போட்டார்கள், மாற்றியது செட்டிங்கை மட்டும்தான்

சர்வர் பராமரிப்பை வெளி நிறுவனத்திடம் கொடுத்திருப்பவர்கள், தயவுசெய்து உங்கள் ரெய்டு கன்ட்ரோலரை (சர்வரின் பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் கார்டு) இன்றே ஒருமுறை பாருங்கள்.

எங்கள் டேட்டாபேஸ் சர்வர் திடீரென்று மந்தமானது. பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர்கள் வந்து பார்த்து, அந்தக் கார்டின் கேஷ் (தற்காலிக நினைவகம்) பேட்டரி போய்விட்டது என்றார்கள். அதுவரை சொன்னது உண்மை. ரைட்-பேக் முறையில், எழுதவேண்டிய தரவை கன்ட்ரோலர் தன் கேஷ் மெமரியில் வாங்கியதுமே "எழுதியாச்சு" என்று சொல்லிவிடும். டிஸ்க்கில் எழுதுவது அப்புறம்தான். நடுவில் மின்சாரம் போனால் அந்தத் தரவைக் காப்பாற்றி வைப்பது பேட்டரி. நல்ல பேட்டரி பல மாடல்களில் 72 மணி நேரம் வரை தாங்கும். பேட்டரி கெட்டால் கன்ட்ரோலர் தானாகவே ரைட்-த்ரூவுக்கு மாறி, டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே பதில் சொல்லும். வேகம் குறைவது அதனால்தான்.

புதுப் பேட்டரிக்கு பில் வந்தது, வேகமும் திரும்பியது. வேகம் திரும்பியதையே எல்லோரும் அத்தாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

சில மாதம் கழித்து பவர் சப்ளை எரிந்து சர்வர் அப்படியே அணைந்தது. அதை மாற்றி ஆன் செய்ததும், எழுதிக்கொண்டிருந்தபோது கேஷில் இருந்த தரவு தொலைந்துவிட்டது என்று கன்ட்ரோலரே செய்தி காட்டியது. டேட்டாபேஸ் திறக்கவே இல்லை. பேக்கப்பை ஏற்றி, அதற்குப் பிந்தைய பதிவுகளை எல்லாம் காகிதத்தைப் பார்த்து ஆட்கள் உட்கார்ந்து மறுபடி அடித்தார்கள்.

வேறொரு டெக்னீஷியனை வைத்துத் திறந்து பார்த்தால், உள்ளே உப்பிப்போன அதே பழைய பேட்டரி. செட்டிங்கில் மட்டும், பேட்டரி கெட்டிருந்தாலும் ரைட்-பேக்கிலேயே இயங்கு என்று கட்டாயப்படுத்தி வைத்திருந்தார்கள். பிரேக் பிடிக்காத வண்டியின் எச்சரிக்கை விளக்கைப் பிடுங்கிவிட்டு ரிப்பேர் கூலி வாங்குவதும் இதுவும் ஒன்றுதான்.

கேட்டதற்கு, "யுபிஎஸ் இருக்கிறதே சார்" என்றார்கள். யுபிஎஸ் காப்பது பிளக் வரைதான். சர்வருக்குள் இருக்கும் பவர் சப்ளை எரிந்தால் அது என்ன செய்யும்? சர்வர் வேலையே செய்கிறவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

மெகாரெய்டு வகை கார்டு என்றால் அதன் மென்பொருளில் கேஷ் பாலிசி வரியைப் படியுங்கள். ஸ்டோர்சிஎல்ஐ என்ற அதன் கட்டளைக் கருவியில் டபிள்யூபி (ரைட்-பேக்) என்று இருந்தால் சரி. ஏடபிள்யூபி என்றால் பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட்-பேக் என்று பொருள். எச்பியின் ஸ்மார்ட் அர்ரே கார்டில், பேட்டரி இல்லாமலே கேஷில் எழுதவிடும் 'நோ பேட்டரி ரைட் கேஷ்' செட்டிங் அணைந்திருக்க வேண்டும். பேட்டரி மாற்றினேன் என்று யார் சொன்னாலும் கழற்றியதைக் கையில் கேளுங்கள், புதியதில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். அலமாரியில் கிடந்தாலும் லித்தியம்-அயன் பேட்டரி மூப்படையும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் நடக்கலாம். பேட்டரியின் கொள்ளளவை அளக்க, கார்டு அவ்வப்போது அதை முழுக்க இறக்கி மறுபடி சார்ஜ் செய்யும். இது லேர்ன் சைக்கிள். பழைய மாடல்களில் அந்தச் சில மணி நேரம் ரைட்-த்ரூ ஆகி வேகம் குறையும், முடிந்ததும் தானே சரியாகிவிடும். அதைக் காட்டி நல்ல பேட்டரியை மாற்றச் சொன்னால் கார்டின் லாகை (நிகழ்வுப் பதிவு) கேளுங்கள். சைக்கிள் தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் அதில் பதிவாகியிருக்கும்.

பில் தொகையையும் மீட்புச் செலவையும் கேட்டு அந்த நிறுவனத்துக்குப் படங்களோடு எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.