குக்கர் ஆட்டோகிளேவா, பி கிளாஸா? காரைக்குடிப் பக்கத்துப் பல் கிளினிக்குக்கு ஒரு கணக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் ஒற்றை நாற்காலியோடு பல் கிளினிக் தொடங்குபவர் முன்னால் கருவிகளிலுள்ள கிருமியைக் கொல்ல நாலு வழி உண்டு: அழுத்த ஆவியில் வேலை செய்யும், மேலே மூடி திறக்கும் குக்கர் வகை ஆட்டோகிளேவ், வெற்றிட பம்ப் உள்ள பி கிளாஸ் ஆட்டோகிளேவ், உலர் சூட்டில் வேலை செய்யும் ஹாட் ஏர் ஓவன், கருவியை ஊற வைக்கும் குளுட்டரால்டிஹைடு என்ற ரசாயனக் கரைசல். விலையை வைத்துப் பார்த்தால் குக்கர் ஜெயிக்கும். பல்லைக் குடையும் கைக்கருவியான ஹேண்ட்பீஸை வைத்துப் பார்த்தால் தோற்கும்.

ஹேண்ட்பீஸுக்குள் காற்றும் தண்ணீரும் ஓடும் குழாய்கள் மிக மெல்லியவை. உள்ளே சுழலும் டர்பைன் நிற்கும் நொடியில் எச்சிலும் ரத்தமும் உள்ளே இழுபடலாம். வெளியே ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதால் உள்ளே ஒன்றும் மாறாது. குக்கர் வகையில் ஆவிதான் காற்றைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். குழாய்க்குள் சிக்கிய காற்று அதற்கு அசையாது, காற்று நிற்கும் இடத்தில் ஆவி படாது. பி கிளாஸோ முதலில் காற்றை உறிஞ்சி, ஆவியைச் செலுத்தி, அதையே சில முறை திரும்பச் செய்யும். விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இதற்குத்தான்.

கண்ணாடி, புரோப், பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸ் போன்ற திடக் கருவிகளுக்குக் குக்கர் போதும். 121 டிகிரி, 15 பிஎஸ்ஐ. உறையில்லாமல் 15 நிமிடம், பவுச் என்ற காகித உறையில் 30 நிமிடம். அந்த வெப்பம் வந்த பிறகே நேரத்தை எண்ண வேண்டும். வீட்டில் ஆவி வந்த பிறகுதானே வெயிட் போடுகிறோம்? இங்கேயும் ஆவி விடாமல் சீறிச் சில நிமிடம் ஆன பிறகே வால்வை மூட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் முள் 15 காட்டும்; காற்றும் ஆவியும் கலந்த அழுத்தம் அது, உள்ளே 121 இருக்காது.

குக்கரின் இன்னொரு குறை ஈரம். நனைந்த பவுச்சைத் தொட்டால் கையிலுள்ள கிருமி காகிதம் வழியே உள்ளே போகும். அந்தப் பவுச்சைப் பிரித்து, புதிதாகக் கட்டி, மறுபடி ஓட்ட வேண்டும். பி கிளாஸ் 134 டிகிரியில் சுமார் 4 நிமிடம் நிறுத்தி, வெற்றிடத்தில் உலர்த்தித் தரும். எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகலாம், அப்புறம் ஆற வேண்டும். அதனால் ஒரு நாற்காலிக்கு நாலு ஹேண்ட்பீஸாவது வேண்டும். இயந்திரம் வாங்கும்போதே இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பி கிளாஸுக்கு எதிரி தண்ணீர். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனித்தாலும் அதிலும் உப்பு உண்டு; போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வால்விலும் ஹீட்டரிலும் வெள்ளைப் படிவு ஏறும், கருவியில் கறை விழும். காய்ச்சி வடித்த தண்ணீரோ கனிமம் நீக்கியதோதான் ஊற்ற வேண்டும். கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 10-க்குக் கீழே காட்டட்டும். ஆர்ஓ தண்ணீர் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். நடுவில் கரண்ட் போனால் அந்தச் சுழற்சி செல்லாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் முந்தைய இரவே எல்லாவற்றையும் ஓட்டி வைப்பது நல்லது.

ஹாட் ஏர் ஓவனில் 160 டிகிரிக்கு 2 மணி, 170-க்கு 1 மணி. கார்பன் ஸ்டீல் துருப்பிடிக்காது என்பது ஒன்றுதான் லாபம். நடுவில் கதவைத் திறந்தால் நேரம் முதலிலிருந்து. ஹேண்ட்பீஸை வைத்தால் ரப்பர் ஓ-ரிங் போச்சு.

2 சதவீத குளுட்டரால்டிஹைடில் 20 நிமிடம் போட்டு எடுப்பது ஸ்டெரிலைசேஷன், அதாவது எல்லாக் கிருமியையும் கொல்வது, ஆகாது. அதற்கு 10 மணி நேரம் வேண்டும். சூடு தாங்காத பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் அழுக்கோடு போட்டால் வீண். ரத்தம் காயுமுன் என்சைம் கரைசல், பிறகு ஒலி அதிர்வால் அழுக்கு எடுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி, அலசல், உலர்த்தல். ஹேண்ட்பீஸுக்கு அல்ட்ராசோனிக் கூடாது: நோயாளி எழுந்ததும் அரை நிமிடம் தண்ணீரோடு ஓட்டி, துடைத்து, எண்ணெய் விட்டு, மிச்ச எண்ணெய் வெளியேற மறுபடி ஓட்டி, அப்புறம் பவுச்.

குக்கர், பி கிளாஸ் இரண்டையும் வாங்க முடியாதென்றால் என் ஓட்டு சின்ன பி கிளாஸுக்கே. பவுச்சில் ஒட்டும் ஆட்டோகிளேவ் டேப்பில் கோடு கறுத்தால் சூடு பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். வாரம் ஒருமுறை ஜியோபேசில்லஸ் என்ற சூடு தாங்கும் கிருமியின் ஸ்போர் (வித்து) உள்ள குப்பி ஒன்றைக் கருவிகளோடு ஓட்டி, ஓட்டாத குப்பி ஒன்றையும் பக்கத்தில் வைத்து இன்குபேட் செய்யுங்கள். ஸ்போர் உயிரோடு இருந்தால் குப்பி நிறம் மாறும்; ஓட்டியது மாறக் கூடாது, ஓட்டாதது மாற வேண்டும். ஓட்டாததும் நிறம் மாறவில்லையென்றால் குப்பியே செத்தது. அந்தச் சோதனை செல்லாது.