பறிக்கிற ரோஜா, பார்க்கிற ரோஜா: வாசல் பாத்திக்கு எது?

வாசல்படிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே பன்னிரண்டு அடி நீளம், நான்கு அடி அகலம். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கு முன்னால் மண் தெரிகிற இடம் அவ்வளவுதான். மீதி எல்லாம் சிமெண்ட். அதில் இளஞ்சிவப்பு ரோஜா மட்டும், ஒரே நிறத்தில், நிறைந்து நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எந்த இளஞ்சிவப்பு என்று முடிவு செய்வதற்குள் ஐந்து வருடம் ஓடிவிட்டது. பன்னீர் ரோஜா, கொத்தாகப் பூக்கிற புளோரிபண்டா, குட்டிப் பூ வைக்கிற பட்டன் ரோஜா மூன்றும் அதே மண்ணில், அதே மேற்கு வெயிலில் எங்கள் வீட்டில் குடியிருந்து பார்த்துவிட்டன.

நாற்றுப்பண்ணைக்குப் போனால் எல்லோரும் பூவைப் பார்த்துத்தான் செடி வாங்குகிறோம். பாத்திக்கு அந்தப் பழக்கம் உதவாது. பூ இல்லாத நாளில் செடி எப்படி நிற்கும், எவ்வளவு உயரம் போகும், அடிப்பக்கம் இலை இருக்குமா, வீட்டில் யாராவது தினமும் பூப் பறிப்பார்களா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் தீர்மானித்தது அதுதான்.

முதலில் எண்ணிக்கை. அந்த 48 சதுர அடியில் பன்னீர் ரோஜா என்றால் நான்கு செடி போதும், ஒரே வரிசை. புளோரிபண்டாவை இரண்டடி இடைவெளியில் வைத்தால் முன்வரிசையில் ஆறு, பின்வரிசையில் அவற்றின் சந்துகளுக்கு நேராக ஐந்து, ஆக 11. பட்டன் ரோஜா 15 அங்குல இடைவெளியில் 27 பிடிக்கும். நான்கு செடி எங்கே, 27 செடி எங்கே! செலவும் வேலையும் இந்தக் கணக்கில்தான் தொடங்குகின்றன.

பன்னீர் ரோஜா

பெயரைக் கேட்டதும் பன்னீர் வடிக்கிற ரோஜா என்று நினைத்துக்கொள்கிறோம். வடக்கே உத்தரப்பிரதேசத்தில் கன்னோஜ் பக்கம் அத்தருக்கும் பன்னீருக்கும் பயன்படுவது டமாஸ்க் ரோஜா. அது குளிர் கழிந்து ஒரு பருவம் பூத்துவிட்டு ஓய்ந்துவிடும். நம் வீடுகளில் இருப்பது எட்வர்ட் ரோஸ். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உதிரிப்பூ ரகங்களில் ஆந்திரா ரோஸுக்குப் பக்கத்தில் வைத்துச் சொல்வது இதைத்தான். எட்வர்ட் என்றவுடன் ஏதோ ஆங்கில அரசர் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் தீவு, அன்றைய பெயர் பூர்போன். அங்கே வேலிக்கு நட்ட சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் தாமாகவே கலந்து ஒரு செடி முளைத்தது. அது நின்ற நிலத்துக்காரர் பெயர் எதுவார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த கதை. எதுவார் நம் ஊர் வாயில் எட்வர்ட் ஆகிவிட்டார்.

சீன ரோஜாவிடமிருந்து ஓயாமல் பூக்கும் குணமும், டமாஸ்க்கிடமிருந்து மணமும் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். காலை ஆறு மணிக்கு வாசலைத் திறந்தால் மணம்தான் முதலில் உள்ளே வரும். மற்ற இரண்டும் இந்த இடத்தில் பக்கத்தில்கூட நிற்க முடியாது. குச்சியை வெட்டி நட்டால் வேர் பிடித்துவிடும். பென்சில் கனத்தில் எட்டு அங்குலம் போதும். சொந்த வேரில் நிற்கிற செடி என்பதால் அடியிலிருந்து எது துளிர்த்தாலும் அது பன்னீர் ரோஜாதான், களைய வேண்டியதில்லை.

ஆனால் பாத்தியில்? ஐந்தடி உயரம், நான்கு பக்கமும் தாறுமாறாக வளைகிற கிளை, உடம்பெல்லாம் முள். பள்ளிக்கூடப் பை மாட்டிக்கொண்டு போகிற பிள்ளைகளின் சட்டையைப் பிடித்து இழுக்கும். இரண்டாம் வருடத்திலேயே அடிப்பக்கம் மொட்டையாகி, மேலே மட்டும் குடை பிடித்த மாதிரி நின்றது. பழைய தண்டுகளில் செதில் பூச்சி வெள்ளையாகப் படர்ந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சால் தண்டு தண்டாகத் துடைத்து எடுத்தேன். முள்ளோடு அந்த வேலையைச் செய்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

அதைவிடப் பெரிய சிக்கல், பூ செடியில் தங்காது. வெயில் ஏறினால் இதழ் தளர்ந்து மதியத்துக்குள் கொட்டிவிடும். அதனால்தான் தோட்டக்காரர்கள் விடியுமுன் பறிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மாவும் அப்படித்தான். நான் எழுந்து வரும்போது நான்கு செடியிலும் பச்சை மட்டும் நிற்கும். “செடியில இருந்து யாருக்குக் கண்ணு? மத்தியானம் மண்ணுல கொட்டறதுக்குச் சாமி தலையில இருக்கட்டும்” என்பார். அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. ரகம் பறிப்பதற்கு ஏற்றது, இடம் பார்ப்பதற்கு ஏற்றது. நான்தான் இரண்டையும் போட்டுக் குழப்பியிருந்தேன்.

புளோரிபண்டா

பாத்தியில் கூட்டமாக வைப்பதற்கென்றே ரோஜா வேண்டும் என்று தேடியதில் பிறந்த வகை இது. டென்மார்க்கில் பௌல்சன் குடும்பத்தார், கொத்துக் கொத்தாகச் சின்னப் பூ வைக்கிற பாலியாந்தாவைப் பெரிய பூ ரோஜாக்களோடு கலந்தார்கள். 1924இல் வந்த எல்ஸா பௌல்சன் பளிச்சென்ற இளஞ்சிவப்பு. குளிர்நாட்டுப் பாத்தி ரோஜாக்களுக்கு அதுவும் ஒரு முன்னோடி. புளோரிபண்டா என்ற பெயர் அப்புறம் அமெரிக்காவில் ஒட்டிக்கொண்டது.

நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கொத்தாகப் பூக்கிற பிங்க் வேண்டும் என்று மட்டும் கேட்டேன், உயரம் கேட்கவில்லை. கிடைத்தது குயின் எலிசபெத். 1954இல் அமெரிக்காவில் வால்டர் லாமர்ட்ஸ் உருவாக்கியது. தனிப்பூ ரகத்திலும் சேராமல் கொத்துப்பூ ரகத்திலும் சேராமல் நின்றதால் கிராண்டிபுளோரா என்று இதற்காகவே ஒரு வகுப்பைத் திறந்தார்கள். அருமையான பூ, முள்ளும் குறைவு. ஒரே வருடத்தில் ஆறடி ஏறி ஹால் ஜன்னலை மூடிவிட்டது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்தபோது நெட்டையாக நின்ற கிளைகள் ஒன்றோடொன்று உரசி இலையெல்லாம் கிழிந்தது. சுவரோரத்தில் வேலி மாதிரி வைக்க வேண்டிய செடியை வாசலில் வைத்தால் இப்படித்தான்.

அடுத்த முறை ஸ்கேல் எடுத்துக்கொண்டு போகாத குறை. இரண்டரை அடிக்கு மேல் போகாத ஒட்டுச்செடி 11 வாங்கினேன். சீட்டில் பிங்க் புளோரி என்று மட்டும் எழுதியிருந்தது. பெயருள்ள ரகம்தான் வேண்டும் என்பவர்கள் டெல்லி பிரின்சஸ் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். கோதுமை விஞ்ஞானி பி.பி.பால், அந்த வேலைக்கு நடுவே ரோஜா மீதிருந்த பித்தில் உருவாக்கியவற்றில் ஒன்று.

இந்த 11 செடியும் தோள் உரசி நின்றபோதுதான் பாத்தி என்ற சொல்லுக்கு அர்த்தம் புரிந்தது. ஒரு கொத்தில் ஐந்து முதல் பத்துப் பூ. ஒவ்வொன்றும் நாலைந்து நாள் நிற்கிறது. கொத்தின் நடு மொட்டு எப்போதும் முந்திக்கொண்டு விரிந்து, மற்றவை விரியும்போது பழுத்துத் தொங்கும். பயறு அளவில் இருக்கும்போதே அதைக் கிள்ளிவிட்டால் மீதி எல்லாம் ஒன்றாக விரியும். ஒரு செடிக்கு அரை நிமிட வேலை, வாசல் மாறிப்போகும்.

குறை இல்லாமல் இல்லை. மணம் மூக்கை வைத்தால்தான் தெரியும். ஐப்பசி மழையில் கரும்புள்ளி நோய் வந்து கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. மாலையில் இலை மேல் தண்ணீர் தெளிக்கிற பழக்கத்தை விட்ட பிறகு பாதியாகக் குறைந்தது. ஒட்டுக்குக் கீழே, நம் ரகத்தைத் தாங்கி நிற்கிற வேர்ச்செடி துளிர்த்துக்கொண்டே இருக்கும். ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால் பூவே வராத காட்டுக்கிளைதான் மிஞ்சும். ஏழு இலை இருந்தால் காட்டுக்கிளை என்று சொல்வதை நம்பி வெட்டாதீர்கள், நல்ல கிளையிலும் ஏழு வரும். மண்ணைக் கொஞ்சம் விலக்கி, துளிர் ஒட்டுக்கு மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று பார்ப்பதுதான் வழி. கீழே என்றால் கத்தரிக்க வேண்டாம், பிய்த்தே எடுங்கள்.

பட்டன் ரோஜா

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒன்றரை அடி உயரம், ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பூ, கிட்டத்தட்ட வருடம் முழுக்கப் பூக்கும். தொட்டியில் இதற்கு இணை இல்லை. ஆனால் 27 செடி என்றால் காய்ந்த பூக்களைக் கிள்ளவே ஞாயிற்றுக்கிழமை காலை போய்விடுகிறது. தெருவிலிருந்து பார்த்தால் பூ கண்ணுக்கே தெரியாது, பச்சையில் புள்ளி வைத்த மாதிரி இருக்கும். சித்திரை வெயிலில் சுவர்ச் சூடும் சேர்ந்துகொண்டு சிவப்புச் சிலந்திப் பேன் பிடித்துக்கொண்டது. இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. முழுப் பாத்திக்கு இது வேண்டாம் என்பேன். புளோரிபண்டாவின் காலடியில் ஓரமாக ஒரு வரிசை மட்டும் வைத்தால் நன்றாக இருக்கும்.

வாசல் அழகு

எங்கள் வீட்டு முன்சுவர் முதலில் மஞ்சள். அதன் முன்னால் இளஞ்சிவப்பு நின்றால் இரண்டும் வெளுத்துப் போகும். செங்கல் ஓரம் கட்டினேன், அது இன்னும் மோசம். செங்கல் நிறம் பூவை விழுங்கிவிட்டது. மறுமுறை பெயிண்ட் அடிக்கும்போது சுவரை வெள்ளையாக்கி, ஓரத்துக்குக் கருங்கல் துண்டுகளைப் பதித்தேன். அதே செடி, புதிதாக வாங்கியது போல் தெரிந்தது.

பக்கத்தில் என்ன வைப்பது என்பதற்கு விடை எங்கள் தெரு முனைப் பூக்கார அக்காவிடம் கிடைத்தது. அவர் மாலை கட்டும்போது பார்த்திருக்கிறேன்: பன்னீர் ரோஜா, அதற்கு அணைவாகச் சாம்பல் பச்சையில் மாசிப்பச்சை, நடுநடுவே வெள்ளைச் சம்பங்கி. “ரோஸுக்குப் பக்கத்துல செவப்பு வெச்சா ரெண்டும் சண்ட போட்டுக்கும்ங்க” என்றார். அந்த மாலையைப் பிரித்து மண்ணில் வைத்தேன், அவ்வளவுதான். ஓரத்தில் மாசிப்பச்சை, மூலையில் நாலைந்து சம்பங்கிக் கிழங்கு. மாசிப்பச்சையை மாதம் ஒருமுறை கத்தரித்துவிட வேண்டும், இல்லையென்றால் ரோஜா மேலேயே ஏறிவிடும். சாம்பல் இலை பக்கத்தில் இருந்தால் இளஞ்சிவப்பு இன்னும் ஒரு படி கூடித் தெரிகிறது. சித்திரை, வைகாசியில் இந்த உதவி அவசியம். சூடு கூடினால் இதழில் சாயம் குறைந்து மூன்று ரகமும் வெளிறித்தான் பூக்கும்.

பல நிறங்களைக் கலந்து வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: சின்ன இடத்தில் அது பூக்கடை மாதிரி ஆகிவிடும். நிறங்களின் திருவிழா பார்க்க ஊட்டி ரோஜா பூங்காவுக்குப் போகலாம். 1995இல் அமைத்தது, மலைச்சரிவில் அடுக்கடுக்காக. அங்கேயும் கவனித்துப் பாருங்கள், கண் நிற்பது ஒரே நிறம் மொத்தமாக இருக்கிற பாத்தியில்தான்.

கவாத்தும் தண்ணீரும்

கவாத்தில், அதாவது கிளை வெட்டுவதில், மூன்றும் மூன்று விதம். பன்னீர் ரோஜாவைத் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு, தயவுதாட்சண்யம் பார்க்காமல் வெட்டலாம். செடிக்குப் பத்துக் கிலோ தொழு உரம் போட்டால் சீறிக்கொண்டு வரும். புளோரிபண்டாவுக்குப் பாதி உயரம் போதும். பாத்தி முழுக்க ஒரே மட்டத்தில் வெட்ட நூல் கட்டிக்கொள்வேன். பட்டனுக்குக் கத்தரிக்கோலால் தலைமுடி வெட்டுவது போல ஒரு சுற்று. வெட்டியதிலிருந்து பூவுக்கு ஏறக்குறைய 45 நாள். கார்த்திகையில் மழை விட்ட நாளாகப் பார்த்து வெட்டினால் தை மாதம் வாசல் நிறைந்திருக்கும். மழையில் வெட்டிய கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி) தடவ மறக்கக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் பன்னீர் ரோஜா சாது. எங்கள் போர் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படிவம் விடுகிற ரகம். அதையே குடித்துக்கொண்டு பூத்தது. புளோரிபண்டாவின் இளம் இலைகள் அதே தண்ணீரில் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாகிவிட்டன. சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்புச்சத்து வேருக்கு எட்டாததன் அடையாளம் அது. வாரம் இரண்டு முறை சிறுவாணித் தண்ணீர், அடியில் காய்ந்த இலை மூடாக்கு, மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் என்று மாற்றியதும் தேறின. போர் தண்ணீர் மட்டும்தான் என்றால் புளோரிபண்டா வாங்குவதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது எங்கள் வாசலில் புளோரிபண்டா 11, முன்னால் பட்டன் ஆறு. பன்னீர் ரோஜா கொல்லைப்புறம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், முள்ளுக்கு யாரும் பயப்படாத இடத்தில். நான்கு குச்சி வைத்தேன், நான்கும் பிடித்துவிட்டது. அம்மா விடியற்காலையில் அந்தப் பக்கம்தான் போகிறார். மீதிப் பட்டன் செடிகளைத் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாயிற்று. இன்னும் இரண்டு தொட்டி மாடிப்படியில் இருக்கிறது, வேண்டுபவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.