அமேசான் எஸ்.இ.எஸ்: சேலத்திலிருந்து கிளம்பும் பில் மெயில் போய்ச் சேருமா?

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடை, ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலை, ஏற்காட்டுத் தங்கும் விடுதி என எங்கே ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே மெயில் சர்வர் வைத்தாலும் குறை ஒன்றுதான்: மெயில் ஸ்பேமில் விழும், இல்லை கிளம்பவே கிளம்பாது. பிராட்பேண்ட் ஐ.பி. (இணைய முகவரி எண்) மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு உங்கள் டொமைன் பெயரைக் காட்டும் ரிவர்ஸ் டி.என்.எஸ். இருக்காது. ஸ்பேம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹாஸின் பி.பி.எல். பட்டியலில் (நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத ஐ.பி.கள்) வீட்டு இணைப்பு ஐ.பி.கள் கொத்துக் கொத்தாக இருக்கும். மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் போர்ட் 25 பல இணைப்புகளில் அடைத்தே கிடக்கும். அனுப்பும் வேலையை மட்டும், நம் மெயிலை வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு ரிலே சேவையிடம் விடுவதுதான் சரியான வழி.

அமேசானின் எஸ்.இ.எஸ். (சிம்பிள் இமெயில் சர்வீஸ்) அப்படி ஒரு சேவை. அதற்கு மும்பையில் ரீஜியன் (சர்வர் மையம்) உண்டு. 1,000 மெயிலுக்கு 0.10 டாலர், இணைப்புக் கோப்புக்கு ஜி.பி.க்கு 0.12 டாலர், மேலே 18% ஜி.எஸ்.டி. மாதம் 3,000 பில் அனுப்பும் ஆலைக்கு மெயில் கணக்கு 30 சென்ட். விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

புதுக் கணக்கு முதலில் சாண்ட்பாக்ஸ் என்ற சோதனை நிலையில் இருக்கும்: 24 மணி நேரத்துக்கு 200 மெயில், விநாடிக்கு ஒன்று, அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். வெளியே வர விண்ணப்பிக்கும்போது யாருக்கு, எதற்காக அனுப்புகிறீர்கள், மெயில் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். மே மாதக் கோடை விழா முன்பதிவுக்குத் தேவை என்றால் மார்ச்சிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் கையொப்பமான டி.கே.ஐ.எம். போட, டி.என்.எஸ்.ஸில் சேர்க்க மூன்று சி-நேம் பதிவுகள் தருவார்கள். பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான். பல டி.என்.எஸ். பேனல்கள் டொமைன் பெயரைத் தாமாகவே கடைசியில் ஒட்டிவிடும். நீங்களும் முழுப் பெயரைப் போட்டால் டொமைன் இரண்டு முறை வந்து, சரிபார்ப்பு நாள் கணக்கில் நிலுவையிலேயே நிற்கும். பதிவின் பெயரில் டொமைனுக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் இடுங்கள். எந்தெந்த சர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்று. இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை முதலில் 'நன்' (எதுவும் செய்யாதே) கொள்கையில் வைத்து, அறிக்கைகளைப் பார்த்த பிறகு இறுக்குங்கள். ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பிப்ரவரி முதல் இம்மூன்றும் கட்டாயம்.

ரிலேயோடு இணைக்க போர்ட் 587, மறையாக்கத்துக்கு ஸ்டார்ட்-டி.எல்.எஸ். போடுங்கள். பாஸ்வேர்டாக ஏ.டபிள்யூ.எஸ். (அமேசான் கிளவுட்) கணக்கின் சீக்ரெட் கீயை அப்படியே போட்டால் 535 பிழை வரும், எஸ்.எம்.டி.பி.க்கென்று (மெயில் அனுப்பும் முறை) பாஸ்வேர்டு தனியாக உருவாக்க வேண்டும், அதுவும் அந்த ரீஜியனுக்கு மட்டுமே செல்லும். அனுப்புநர் முகவரியில், எஸ்.இ.எஸ்.ஸில் சரிபார்க்காத முதலாளியின் ஜிமெயில் இருந்தால் 554 பிழையோடு திரும்பும். சொந்த டொமைன் முகவரியே இருக்கட்டும்.

பில்லிங் மென்பொருளை நேரே ரிலேயோடு இணைக்காமல், நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை வைப்பதையே பரிந்துரைக்கிறோம். மலையில் மழைக்கு மரம் சாய்ந்து லைன் அறுந்தாலும், அது மெயிலை வரிசையில் வைத்திருந்து இயல்பாக 5 நாள் வரை மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும். ரிலே பாஸ்வேர்டு உள்ள கோப்புக்கு 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) கொடுத்து, அதை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட மறக்க வேண்டாம்.

பவுன்ஸ் (சேராமல் திரும்பும் மெயில்) 5 சதவீதத்தைத் தொட்டால் கணக்கு கண்காணிப்புக்குப் போகும். 10 சதவீதம் ஆனால் அனுப்புவதையே நிறுத்தி வைக்கக்கூடும். ஸ்பேம் புகார் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விடுதி வரவேற்பில் அவசரமாக எழுதி வாங்கும் முகவரிகளில் எழுத்துப் பிழை நிறைய வரும். எழுதியதை விருந்தாளியிடமே காட்டிச் சரிபார்ப்பது எந்தத் தொழில்நுட்ப ஏற்பாட்டையும்விடப் பயன் தரும்.

பெரிய குறை ஒன்று உண்டு. ஒவ்வொரு மெயிலும் என்ன ஆனது என்று காட்டும் பதிவேடு இதில் தானாகக் கிடைக்காது. கான்ஃபிகரேஷன் செட் (அனுப்பும் மெயில்களுக்கான விதித் தொகுப்பு) அமைத்து, நிகழ்வுகளை வேறு இடத்துக்கு அனுப்பிச் சேமிக்க வேண்டும். ஒருமுறை நிரந்தரமாகத் திரும்பிய முகவரி சப்ரெஷன் (அனுப்பாதே) பட்டியலில் ஏறிவிடும். பிறகு அதற்கு அனுப்பினால் சர்வர் 'ஏற்றுக்கொண்டேன்' என்றே சொல்லும், மெயில் மட்டும் போகாது. 'பில் வரலை' என்று சூரத் வாடிக்கையாளரிடமிருந்து போன் வந்தால், முதலில் அந்தப் பட்டியலில் முகவரியைத் தேடி எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.