60 டூல், ஆளுக்கொரு வரி விளக்கம்: ரெண்டரை ஸ்டார்

மச்சான் திருப்பூர்ல குழந்தைங்க துணி ஆன்லைன்ல விக்கிறான். ஆர்டர், ரிட்டர்ன், ரீஃபண்டு எல்லாத்தையும் ஒரு ஏஐ ஏஜென்ட் பாத்துக்கற மாதிரி பண்ணிக் குடுன்னு ரொம்ப நாளா நச்சரிப்பு. எல்லாத்தையும் நானே உக்காந்து எழுத நேரமில்ல, அதனால ஒரு ரெடிமேட் எம்சிபி சர்வர் வாங்கினேன், உள்ள 60 டூல், மாச சந்தா, சோர்ஸ் கோடும் குடுத்துட்டாங்க. பேர் வேணாம், சின்ன டீம்தான்.

எம்சிபி தெரியாதவங்களுக்கு: 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் வெளியிட்ட ஓப்பன் ஸ்டாண்டர்டு, ஏஐ மாடல வெளி சாஃப்ட்வேரோட கோத்து விடறது. ஆர்டர் தேடறது, ரீஃபண்டு அனுப்பறதுன்னு மாடல் கூப்பிடக் கூடிய ஒவ்வொரு வேலையும் ஒரு டூல். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பேரு, ஒரு விளக்கம், என்ன இன்புட் வேணும்ங்கற ஸ்கீமா. மாடலோட கண்ணுக்கு தெரியறது அவ்ளோதான், உள்ள கோட் எவ்ளோ அழகா இருந்தாலும் அதுக்கு தெரியாது.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். இன்ஸ்டால் பத்து நிமிஷம், வேகம் ஓகே, ஒரு தடவ கூட படுக்கல.

இப்ப மேட்டருக்கு வரேன். ரீஃபண்டு டூல்ல தொகைன்னு ஒரு இன்புட், அதுக்கு விளக்கம் "ரீஃபண்டு தொகை". அவ்ளோதாங்க! ஆன்லைன் பணம் வாங்கித் தர்ற நம்மூர் பேமென்ட் கேட்வேங்க நெறைய, சாஃப்ட்வேர் வழியா (ஏபிஐ) போனா பைசாலதான் தொகை கேக்கும், ரேஸர்பே கூட அப்டித்தான், இந்த டூலும் நேரா அதையேதான் அனுப்புது, ஆனா அத எங்கயும் எழுதல. மச்சான் "அந்த ஈரோடு அக்காவுக்கு 1200 ரூபா திருப்பி அனுப்பு"ன்னு அடிச்சான், ஏஜென்ட் 1200னு குடுத்துச்சு, "ரீஃபண்டு ஆயிடுச்சு"ன்னு பெருமையா பதிலும் சொல்லிருச்சு. மறுநாள் அந்தக்கா போன்ல, "ஏனுங் தம்பி, பன்னெண்டு ரூவா வந்துருக்குது, மீதி எங்கீங்?" மச்சான் எனக்கு போட்ட போன் இங்க எழுதற மாதிரி இல்ல. மீதி 1188 ரூபாய கையில அனுப்பினோம்.

மாடல திட்டி பிரயோஜனமில்ல, புதுசா சேந்த பையன்கிட்ட இதே ஒரு வரிய குடுத்திருந்தா அவனும் 1200னுதான் போட்டிருப்பான். நான் அந்த விளக்கத்த மாத்தினேன், தமிழ்ல சொன்னா: "தொகை பைசாவில், முழு எண்ணாக. 1200 ரூபாய் என்றால் 120000. பாதி ரீஃபண்டு என்றால் ஆர்டர் தொகையை முதலில் பார்க்கவும்." இன்புட் பேரயும் தொகை_பைசா ஆக்கிட்டேன். டெஸ்ட் மோட்ல இருவது தடவ ஓட்டினேன், இருவதும் சரி. கோட்ல கணக்குல ஒரு வரி கூட தொடல.

அடுத்தது, ஆர்டர்_எடு, ஆர்டர்_தேடு மாதிரி ரெண்டு டூல், ரெண்டுக்கும் விளக்கம் கிட்டத்தட்ட ஒண்ணு. ஒண்ணு எல்லா ஆர்டரையும் அள்ளிக் கொட்டும், இன்னொண்ணு போன் நம்பர் வெச்சு தேடும். ஒரே ஒரு கஸ்டமரோட ஆர்டர் எங்க இருக்குன்னு கேட்டா ஏஜென்ட் மொத்த லிஸ்டயும் இழுத்து கான்டெக்ஸ்ட, அதாவது மாடல் ஒரே நேரத்துல பாக்கக் கூடிய இடத்த, நிரப்பிட்டு நடுவுல குழம்பி நிக்கும். எப்ப இத யூஸ் பண்ணனும், எப்ப பண்ணக் கூடாதுன்னு ரெண்டு வரி சேத்தேன், சரியாயிடுச்சு. தேதியும் அப்டித்தான், 03/04ன்னா ஏப்ரல் மூணா மார்ச் நாலான்னு யாரு சொல்லுவா?

ஒரு டூல் சும்மா படிக்கறதா, எதையாவது அழிக்கறதான்னு குறிச்சு வெக்க எம்சிபியோட 2025 மார்ச் வெர்ஷன்லயே வசதி வந்துருச்சு, இவங்க ஒண்ணுலயும் குறிக்கல. ஆர்டர் கேன்சல் பண்ற டூல் மட்டும் வேற யாரோ எழுதின மாதிரி அருமையா இருக்கு, "இது பணத்தை திருப்பாது, ரீஃபண்டை தனியாக அழைக்கவும்"னு தெளிவா போட்டிருக்காங்க. அந்த ஆள வெச்சே மிச்ச 59ஐயும் எழுத வெச்சிருக்கலாம்.

கம்ப்ளைன்ட் போட்டேன். விளக்கம் நீளமானா டோக்கன் (மாடல் படிக்கற எழுத்துத் துண்டு, அத எண்ணித்தான் காசு) செலவு ஏறும், அதான் சுருக்கிட்டோம்னு பதில் வந்துச்சு. பேச்சுக்கு சரிதான், விளக்கம் எல்லாம் ஒவ்வொரு தடவயும் மாடலுக்கு போகுது. ஆனா எங்களுக்கு தேவ ஒம்பது டூல், மிச்ச 51ஐ ஆஃப் பண்ணிட்டு இந்த ஒம்பதுக்கும் பத்தி பத்தியா எழுதியும் முன்னவிட கம்மியாதான் ஆகுது. நடுவுல ஆசைக்கு தமிழ்லயே எழுதி பாத்தேன், மாடலுக்கு நல்லாவே புரியுது, டோக்கன்தான் எகிறுது, அதனால இங்கிலீஷுக்கே திரும்பிட்டேன்.

சோர்ஸ தொறந்து திருத்த ஆள் இருந்தா வாங்குங்க, இல்லன்னா இப்போதைக்கு வேணாம். மச்சான் கடைல 500 ரூபாய்க்கு மேல ரீஃபண்டுன்னா இன்னிக்கும் அவன் ஓகே அழுத்தினாத்தான் போகும், அந்த செட்டிங்க நான் இன்னும் எடுக்கல.