பழைய தட்டா, ரீமாஸ்டரா? மூன்று ஆல்பங்களை மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்ததில்

பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பெலினின் இரண்டாவது ஆல்பத்தைப் பல வருடங்களாக சிடியிலும் ஸ்ட்ரீமிங்கிலும்தான் கேட்டு வந்தேன். நண்பர் ஒருவரிடம் 1969-இல் அமெரிக்காவில் வந்த முதல் இசைத்தட்டு இருந்தது. அதை இரண்டு வாரத்துக்கு வாங்கி வந்து, 2014 ரீமாஸ்டர் (அதே பழைய பதிவின் ஓசையைப் புதிதாகச் சரிசெய்து வெளியிடுவது) தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பாட்டு இதில், அதே பாட்டு அதில் என்று கேட்டேன்.

அதற்கு முன் ஒன்று. சத்தத்தைச் சமமாக வைக்காமல் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. கொஞ்சம் கூடுதலாக ஒலிப்பதுதான் நல்லது என்று காது உடனே முடிவு கட்டிவிடும். போனில் இருக்கும் டெசிபல் மீட்டரை வைத்து ஒவ்வொரு முறையும் சரிசெய்துகொண்ட பிறகுதான் கேட்க ஆரம்பித்தேன்.

நண்பரின் தட்டு சாதாரணத் தட்டு இல்லை. பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை ஒரு வெறும் வளையம் இருக்கும் இல்லையா, அதில் கையால் கீறிய ஆர்.எல். என்ற இரண்டு எழுத்துகள் இருந்தன. ராபர்ட் லட்விக், அதாவது பாப் லட்விக் என்ற ஒலிப் பொறியாளர் வெட்டியது என்று அர்த்தம். டேப்பில் இருந்த ஓசையின் வீரியத்தைக் குறைக்காமல் அப்படியே லேக்கரில் (தட்டுகளை அச்சடிப்பதற்காக முதலில் பள்ளம் வெட்டும் மூலத் தட்டு) வெட்டினார் அவர். அந்தக் காலத்து மலிவான பிளேயர்களில் ஊசி குதிக்கிறது என்று பேச்சு வந்ததும், தட்டை வெளியிட்ட அட்லாண்டிக் நிறுவனம் ஒலி அளவைக் குறைத்து வேறு வெட்டு வெட்டி வெளியிட்டது. அதனால் '1969 தட்டு' என்று சொன்னாலே போதாது, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

எப்படி இருந்தது? ஹோல் லாட்டா லவ் பாட்டில் டிரம்ஸ் உள்ளே நுழையும் இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஜான் பானமின் கிக் டிரம்முக்கு ஓர் உடம்பு இருக்கிறது, அறையில் காற்று தள்ளுவது தெரிகிறது. ராம்பிள் ஆனில் ஜான் பால் ஜோன்ஸின் பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுரமாக வட்டமாக வந்து விழுகிறது. 2014 தட்டு மோசம் என்று சொல்லவே மாட்டேன். குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜே மேற்பார்த்தது, சத்தத்தை ஏற்றி நசுக்கவில்லை, கிட்டாரின் ஓரங்களும் சிம்பலும் பழையதைவிடத் தெளிவு, பின்னணி அமைதி. ஆனால் டிரம்ஸ் இரண்டடி பின்னால் போய்விட்டது. இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் பின்னால் போகக் கூடாது. எனக்கு ஆர்.எல். தட்டுதான்.

இதை வைத்து 'பழசுதான் எப்போதும் உயர்ந்தது' என்று முடிவு கட்டியிருந்தால் அடுத்த வாரமே மாற்றிக்கொண்டிருப்பேன். அடுத்துக் கேட்டது பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டார்க் சைட் ஆஃப் தி மூன், 1973 பிரிட்டிஷ் தட்டும் ஒலிப் பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி செய்த 2011 ரீமாஸ்டர் சிடியும். ஆல்பம் ஓர் இதயத்துடிப்பில், ஏறக்குறைய மௌனத்தில் தொடங்குகிறது. தட்டில் அந்த இடத்தில் துடிப்போடு சேர்ந்து சிறு சிறு வெடிப்புகளும் கேட்டன, சிடியில் துடிப்பு மட்டும். அப்புறம் முதல் பக்கத்தின் கடைசியில் கிளேர் டோரி உச்சத்தில் பாடும் இடம். தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, லேபிளுக்குப் பக்கத்தில் அது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். அதே ஓசையைப் பாதி இடத்தில் அடைக்க வேண்டியிருப்பதால் உச்சக் குரல் கரகரக்கும். இந்தத் தட்டை முன்பு வைத்திருந்தவர் கனமான ஊசியால் தேய்த்தும் இருக்கிறார். இங்கே சிடி தெளிவாக ஜெயித்தது. டைம் பாட்டின் கடிகாரங்களில் மட்டும் தட்டுக்கு ஓர் ஆழம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

மூன்றாவது, ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ரூமர்ஸ். 1977-இல் வந்த தட்டையும், ஒலிப் பொறியாளர்கள் ஸ்டீவ் ஹாஃப்மனும் கெவின் கிரேயும் 2011-இல் 45 வேகத்தில் (வழக்கமான 33-க்குப் பதில் நிமிடத்துக்கு 45 சுற்று) இரண்டு தட்டாக வெட்டியதையும் கேட்டேன். இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தபோது டேப்பை ஓட்டி ஓட்டி டிரம்ஸின் மேல் ஓசை தேய்ந்துபோய், தனியாக எடுத்து வைத்திருந்த இன்னொரு டேப்பை நாட வேண்டியிருந்தது. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய டிரம்ஸ் இந்த 45 வேகத் தட்டில்தான் எனக்கு முழுசாகக் கேட்டது. வேகம் கூடுதல் என்பதால் பள்ளத்தில் இடம் தாராளம், பக்கத்தின் கடைசிப் பாட்டும் முதல் பாட்டைப் போலவே திறந்து ஒலிக்கிறது. தயங்காமல் சொல்கிறேன், மூன்றில் இதுதான் வாங்க வேண்டியது. பாட்டுகளுக்கு நடுவே எழுந்து எழுந்து தட்டைத் திருப்புவது ஒன்றுதான் சிரமம்.

ரீமாஸ்டரையும் ரீமிக்ஸையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பீட்டில்ஸின் சார்ஜென்ட் பெப்பர் 2017 பதிப்பு ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாகக் கலந்தது, குரலும் கருவிகளும் வேறு இடத்தில் இருக்கும். அதை 1967 தட்டோடு ஒப்பிட்டு 'ரீமாஸ்டர் கெடுத்துவிட்டது' என்பது நியாயமில்லை. அதே பீட்டில்ஸின் 2014 மோனோ தட்டுகள் நடுவில் டிஜிட்டலே இல்லாமல் டேப்பிலிருந்து நேராக வெட்டப்பட்டவை. அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த ஸ்டீரியோ தட்டுகள் டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டியவை. ஒரே குழு, அதுவும் இரண்டு வருட இடைவெளியில் இவ்வளவு வித்தியாசம்.

180 கிராம் என்று உறையில் ஒட்டியிருப்பதைப் பார்த்தும் வாங்காதீர்கள். கனம் வேறு, ஓசை வேறு. அப்படி நான் வாங்கிய ஒரு மறுபதிப்பில் நடு ஓட்டை மையத்தில் இல்லை, நீண்ட பியானோ சுரமெல்லாம் அலை அலையாக ஆடியது. திருப்பி அனுப்பினேன், மாற்றி வந்ததும் அதே மாதிரி.

பழைய தட்டு வாங்குவதாக இருந்தால் உறையின் படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், இரண்டு பக்கத்து வளையத்தையும், அதில் கீறிய எழுத்துகள் தெரியும்படி, கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டையும் கேட்பது முக்கியம், ஏனென்றால் ஒரு பக்கம் ஒருவரும் மறுபக்கம் வேறொருவரும் வெட்டிய தட்டுகளும் உண்டு.