அவோரியா, ஃப்ளேன், லே ஆர்க்: சின்னப் பிள்ளைகளோடு பனிச்சறுக்குக்குப் போக எந்த ஊர்?

ஆல்ப்ஸ் மலையில் விடுமுறைக்கு ஊர் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது சறுக்குத்தடங்களின் மொத்த நீளத்தை. 600 கி.மீ., 425 கி.மீ., 265 கி.மீ. என்று விளம்பரங்களும் அதைத்தான் பெரிதாகப் போடுகின்றன. கூட வருவது நான்கு வயதுப் பிள்ளை என்றால் அந்த எண்ணால் பயனே இல்லை. முதல் வாரம் முழுக்க அது சறுக்கப்போவது ஒரே ஒரு சின்னச் சரிவில்தான். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: தங்கும் வாசலிலிருந்து பயிற்சிப் பள்ளிக்கு எவ்வளவு தூரம்? நடுவில் படிக்கட்டு உண்டா? மதியம் வகுப்பு முடியும்போது யார் போய்க் கூட்டி வருவது?

இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் தருவது, சறுக்குக்காகவே வெறும் மலைமேய்ச்சல் நிலத்தில் எழுப்பப்பட்ட பிரெஞ்சு ஊர்கள். 1960, 70களில் அரசின் ஊக்கத்தோடு பிறந்தவை. பழைய கிராமங்கள் பள்ளத்தாக்கில் இருக்கும். அங்கிருந்து பஸ் பிடித்து, லிஃப்ட் வரிசையில் நின்று மேலே போக வேண்டும். இவற்றிலோ வாசலில் இறங்கினால் பனி. கட்டடங்களின் அழகைக் குறை சொல்பவர்கள் உண்டு. காலில் கனத்த பூட்ஸ், ஒரு கையில் இரண்டு ஜோடி ஸ்கீ, மறு கையில் அழும் பிள்ளை என்று இருநூறு மீட்டர் நடந்து பார்த்தவர்கள் அந்தக் குறையைச் சொல்வதில்லை.

அவோரியா (1800 மீ.)

1960 குளிர்கால ஒலிம்பிக்கில் டவுன்ஹில் சறுக்குப் போட்டியில் தங்கம் வென்ற ழான் வுவார்னே முன்னின்று உருவாக்கி, 1966இல் திறந்த ஊர். ழாக் லாப்ரோவும் கூட்டாளிகளும் வரைந்த, மரச்சில்லு போர்த்திய கோணல்மாணலான கட்டடங்கள் பாறை விளிம்பில் நிற்கின்றன. ஊருக்குள் கார் கிடையாது. தெருவே பனி, அதில் நடப்பவரும் சறுக்குபவரும் குதிரை வண்டியும் சேர்ந்தே போகிறார்கள்.

குடும்பத்துக்கு இதன் பெரிய பலம், ஊர் நடுவில் இருக்கும் ‘வில்லாஜ் தேஸ் ஆன்ஃபான்’ என்ற குழந்தைகள் சறுக்குப் பள்ளி. 1968 கிரெனோபிள் ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் பெற்ற அனி ஃபமோஸ் தொடங்கியது. மூன்று வயது முதல் சேர்க்கிறார்கள். மதியச் சாப்பாட்டோடு நாள் முழுக்க விடலாம். பெற்றோர் இருவரும் சேர்ந்து ஒரு நாள் சறுக்க வேண்டுமென்றால் இந்த ஏற்பாட்டுக்கு ஈடில்லை. காற்றடிக்கும் நாளில் ஒதுங்க, அக்குவாரியாஸ் என்ற கூரையடி வெந்நீர்க் குளங்களும் உண்டு.

சிக்கல் வந்திறங்கும் நாளில்தான். ஊர் வாசலில் காரை விட்டுவிட்டு, மூட்டை முடிச்சோடு குதிரை வண்டிக்கோ பனி வாகனத்துக்கோ காசு கொடுத்து ஏற வேண்டும். சனிக்கிழமை மாலையில் அங்கே நீண்ட வரிசை நிற்கும். சக்கரப் பெட்டியும் குழந்தைத் தள்ளுவண்டியும் பனியில் உருளாது. முதுகுப் பையும் ஒரு பிளாஸ்டிக் சறுக்குத் தட்டும் போதும். வாகன நிறுத்தத்தை முன்பதிவு செய்யும்போது கூரையுள்ள இடமாகக் கேளுங்கள். திறந்தவெளியில் விட்ட காரை, ஒரு வாரம் கழித்து மண்வெட்டியால் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். காரே வேண்டாமென்றால், கீழே மோர்சீன் பக்கம் ப்ரோதேனிலிருந்து 2012இல் வந்த கேபிள் கார் சில நிமிடங்களில் மேலே சேர்த்துவிடும்.

பன்னிரண்டு ஊர்களை இணைக்கும் போர்த் து சொலேய் சறுக்குப் பகுதி முழுவதற்குமான லிஃப்ட் பாஸை முதல் முறை போகிறவர்கள் வாங்க வேண்டாம். அவோரியாவுக்கு மட்டுமான பாஸ் போதும். சுவிட்சர்லாந்துக்குப் போகும் ஷாவனெத் கணவாய் காற்றுக்குத் திறந்த இடம். மோசமான நாளில் அங்கே லிஃப்ட் நிற்கும். எல்லையோரத்தில் கைபேசி தானாகவே சுவிஸ் அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் சலுகை சுவிட்சர்லாந்துக்குப் பொருந்தாது என்பதால் டேட்டாவை அணைத்து வையுங்கள்.

ஃப்ளேன் (1600 மீ.)

பாரிஸ் யுனெஸ்கோ தலைமையகத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான மார்சல் ப்ராயர், எரிக்-சில்வி புவாசோனா தம்பதிக்காக வரைந்த கான்கிரீட் ஊர், 1969இல் திறந்தது. சதுக்கத்தில் பிக்காசோவின் தலைச்சிற்பமும், பிள்ளைகள் அடியில் புகுந்து விளையாடத் தோதான துய்பூஃபேயின் கறுப்பு வெள்ளை மரக்கூட்டச் சிற்பமும் நிற்கின்றன. சாம்பல் நிறச் சுவர்களை எல்லோருக்கும் பிடிக்காது. ஆனால் ஊரின் அமைப்பு பிள்ளைகளுக்கு ஏற்றது. கிண்ணம் போன்ற பள்ளத்தின் அடியில் ஃபோரம் சதுக்கம். ஏறக்குறைய எல்லாத் தடமும் அங்கேயே வந்து இறங்குவதால், வழிதவறிய பிள்ளையும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். வடக்கு பார்த்த சரிவு என்பதால், 1600 மீட்டர் என்ற எண் சொல்வதைவிட நெடுநாள் பனி நிற்கும்.

இங்கே தவறு நடப்பது விலாசத்தில். ‘ஃப்ளேன்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பது மூன்று வெவ்வேறு இடங்களாக இருக்கலாம். ஃபோரம் என்றால் பள்ளியும் பனியும் வாசலில். ஆனால் பழைய, நெருக்கமான அறைகள். ஃபோரே மேட்டில் இருக்கிறது. இலவச லிஃப்டில் இறங்கி வரலாம், சமாளிக்கலாம். ஹாமோ இன்னும் மேலே, மர வீடுகளாகப் பார்க்க அழகானது. ஆனால் ஒவ்வொரு காலையும் பஸ். பஸ் ஏறித்தான் பள்ளிக்குப் போவதென்றால் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கே பொருளில்லை.

இன்னொன்று, தொடக்கச் சரிவுக்கும், வரைபடத்தில் எளிது என்று நீல நிறத்தில் குறிக்கும் தடங்களுக்கும் நடுவில் இங்கே இடைநிலைச் சரிவுகள் குறைவு. அடிப்படை பழகிய பிள்ளை அடுத்துப் போகும் நீலம் சற்றுச் செங்குத்தாகவே தோன்றும். சிக்ஸ்ட் கிராமம்வரை 14 கி.மீ. இறங்கும் காஸ்காத் தடம் வரைபடத்தில் நீலம்தான். ஆனால் சமதளப் பகுதிகளில் கோல் ஊன்றித் தள்ள வேண்டும், திரும்பி வர பஸ்ஸும் வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே கூட்டிப் போகாதீர்கள். ஃப்ளேன் சேர்ந்திருக்கும் க்ரான் மசீஃப் சறுக்குப் பகுதியின் மற்ற ஊர்களுக்குப் போனால் கடைசி லிஃப்ட் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் மலையைச் சுற்றி டாக்ஸியில்தான் திரும்ப வேண்டும். அந்தச் சாலை 1844 மீட்டரில் ஒரு கணவாயைத் தாண்டுகிறது.

லே ஆர்க் (1600 முதல் 2000 மீ. வரை)

ரயிலில் போகிறவர்களுக்கு இதற்கு இணை இல்லை. பாரிஸிலிருந்து பூர் சான் மோரீஸ், நிலையத்தருகிலேயே ஃபுனிகுலர் என்ற கம்பிவடம் இழுக்கும் மலை ரயில், ஏழு நிமிடத்தில் ஆர்க் 1600. அங்கிருந்து, உயரத்தையே பெயராகக் கொண்ட மற்ற ஆர்க் குடியிருப்புகளுக்கு பஸ். பாரிஸிலும் லண்டனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் இதை முதலில் பார்க்கலாம். ஓட்டித்தான் போவீர்கள் என்றால், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலைப்பகுதிகளில் குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம் என்பது நினைவிருக்கட்டும். பிப்ரவரிச் சனிக்கிழமைகளில் இங்கே வரும் தாரான்தேஸ் பள்ளத்தாக்குச் சாலை அடைத்துக்கொள்வதும் வழக்கம். ஜெனீவாவிலிருந்து மற்ற இரண்டு ஊர்களுக்கும் ஒன்றரை மணி நேரம்தான்.

இங்கே தங்க இரண்டு இடம்தான் பரிந்துரை. ஒன்று, 2003இல் வந்த ஆர்க் 1950: காரில்லாச் சின்னத் தெரு, அடியில் நிலவறை வாகன நிறுத்தம், கட்டடத்திலேயே நீச்சல் குளம். மூன்று ஊர்களிலும் வசதி மிகுந்தது, விலையும் அப்படியே. மற்றொன்று ஆர்க் 1800: மாலை வெயில் விழும், சுற்றிலும் காடு. காடு என்பதை அழகுக்காகச் சொல்லவில்லை. பனிமூட்டத்தில் வானமும் தரையும் ஒன்றாகிவிடும்போது மரங்களை வைத்துத்தான் சரிவு தெரியும். மரமே இல்லாத 2300 மீட்டர் உயர வால் தோரான்ஸை இந்தப் பட்டியலில் சேர்க்காததும் இதனால்தான். குளிரும் மூட்டமும் சேர்ந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே ஒதுங்க இடமில்லை.

எதிரே இருக்கும் லா பிளாஞ்சுக்குப் போக வனுவாஸ் எக்ஸ்பிரஸ் என்ற இரட்டைத்தட்டு கேபிள் கார் உண்டு. அதையும் சேர்த்த பாரதிஸ்கி பாஸ், நன்றாகச் சறுக்கும் பதின்வயதினருக்குத்தான் ஈடுகட்டும். லா பிளாஞ்சின் அகன்ற நீலத் தடங்கள் அருமையானவை. அங்கே போக முடிவானால் பெல் பிளாஞ்சில் தங்குங்கள். பதினொரு குடியிருப்புகள் சிதறிக் கிடப்பதால், பள்ளியும் வீடும் ஒரே இடத்தில்தானா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

வீடு, அடுப்பு, வாரம்

‘ஆறு பேருக்கு’ என்று எழுதியிருந்தால் நான்கு பேருக்கு என்று படியுங்கள். நடைவழியில் வைத்த அடுக்குக் கட்டிலும், பிரித்துப் போடும் சோபாவும் அந்த ஆறில் சேர்த்தி. போர்வை உறையும் துண்டும் பெரும்பாலும் தனிக் கட்டணம். சமையலறை சின்னதாக இருந்தாலும் பாத்திரம் கழுவும் இயந்திரம் வரை இருக்கும். 1800 மீட்டரில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் சோறு மெதுவாகத்தான் வேகும், பருப்பு அதைவிட மெதுவாக. அடிப்பாகம் தட்டையான, இண்டக்ஷனுக்கு ஏற்ற சின்ன குக்கரைக் கையோடு கொண்டுபோங்கள்.

பிரெஞ்சுப் பள்ளிகளின் பிப்ரவரி விடுமுறை மூன்று மண்டலங்களாகப் பிரிந்து நான்கு வாரம் நீளும். விலை உச்சம் தொடுவது அப்போதுதான். பள்ளி கட்டுப்படுத்தாத வயதுப் பிள்ளை என்றால் புத்தாண்டு நெரிசல் ஓய்ந்த ஜனவரியில் போங்கள். வெயில் வேண்டுமென்றால் மார்ச்சின் பின்பாதி. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாக லிஃப்ட் இலவசம். ஆனாலும் வயதுச் சான்று காட்டி அட்டை வாங்க வேண்டும்.

முன்பதிவில் பலர் வீட்டைப் பிடித்துவிட்டுக் கடைசியில் பள்ளியைத் தேடுகிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். மூன்று, நான்கு வயதினர் வகுப்பும் மதியச் சாப்பாட்டுப் பொறுப்பும் தனித்தனியாகப் பதிவாகும். முதலில் நிரம்புவது சாப்பாட்டு இடம். அது உறுதியான பிறகு, பள்ளியின் இடத்தை ஊர் வரைபடத்தில் குறித்து, அதற்கு ஐந்து நிமிட நடைக்குள் இருக்கும் கட்டடங்களில் மட்டும் வீடு தேடுங்கள். சாப்பாட்டு இடம் கிடைக்காவிட்டால் ஊரை மாற்ற வேண்டாம், வாரத்தை மாற்றுங்கள்.