கலிங்குத் தளம்: வழவழப்பா, சொரசொரப்பா, தடுப்புக் கட்டையா?

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துக் கண்மாய்கள் பலவும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடராக அமைந்தவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேல் கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது, மிகை நீரை வழியவிடும் கலிங்கிலிருந்து விழும் நீரின் வேகத்தை அங்கேயே அடக்காவிட்டால், அடிமண் அரித்துக் கலிங்கே சரிந்துவிடும். அடக்குவது நீர்த்தாவல்தான்: ஆழம் குறைந்து விரைந்து வரும் நீர் சட்டென எழும்பி, சுழன்று நுரைத்து, ஆழமும் நிதானமும் கூடிய ஓட்டமாக மாறுகிறது. அது கலிங்கின் அடியில் போட்ட தளத்தின் மேலேயே நிகழ வேண்டும் என்பதே கட்டுபவரின் கவலை.

ஏறத்தாழ 1 மீட்டர் உயரக் கலிங்கை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு 0.5 கன மீட்டர் நீர் வழிந்தால், அது அடித்தளத்தில் சுமார் 0.10 மீட்டர் ஆழத்தில், நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பாயும். ஃபுரூடு எண், அதாவது நீரின் வேகத்துக்கும் அந்த ஆழத்தில் சிற்றலை நகரும் வேகத்துக்கும் உள்ள விகிதம், ஏறக்குறைய 5. தாவலுக்கு முன்பின் ஆழங்களை இணைப்பதும் தரை உராய்வைக் கணக்கில் கொள்ளாததுமான பெலாஞ்சே சமன்பாட்டின்படி, வழவழப்பான கான்கிரீட் தளத்தில் தாவல் நிலைக்கக் கீழ்ப்புறத்தில் 0.67 மீட்டர் ஆழம் வேண்டும். தாவலின் நீளம் அதைப் போல் ஆறு மடங்கு, அதாவது 4 மீட்டர். பருவத்தின் தொடக்கத்தில் கீழ்க் கண்மாய் காலியாக இருக்கும்போது அந்த ஆழம் அமையாது. அப்போது தாவல் தளத்தைத் தாண்டி மண் வாய்க்காலுக்கு நழுவிவிடும்.

சொரசொரப்பின் பயன் இங்கேதான் தெரிகிறது. 2002-இல் ஈட், ராஜரத்தினம் என்னும் ஆய்வாளர் இருவரும் வெளியிட்ட, அலைபோல் முகடும் பள்ளமுமாக அமைந்த நெளிவுத் தளத்தின் மீதான ஆய்வில், தரை இழுவிசை வழவழப்பான தளத்தைவிடப் பத்து மடங்கு அளவுக்கு உயர்ந்தது. தேவையான கீழ்ப்புற ஆழம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. தாவலின் நீளம் பாதியானது. நம் எடுத்துக்காட்டில் 0.50 மீட்டர் ஆழமும் 2 மீட்டர் நீளமும் போதும். நெளிவின் முகடுகள் மேற்புறத் தளத்தின் மட்டத்திலேயே இருந்ததால் அவை நீரை நேராக எதிர்க்கவில்லை. பள்ளங்களுக்குள் உருவான சுழல்களே உந்தத்தில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டன.

ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஆழம் குறைந்தால் வெளியேறும் நீரின் வேகம் கூடும்: வழவழப்பான தளத்தில் நொடிக்கு 0.75 மீட்டராக இருப்பது, இங்கே 1 மீட்டராகும். மொத்த ஆற்றல் கூடுதலாகக் கரைந்தாலும் வாய்க்கால் மண்ணுக்கு இது சற்றுக் கடினமே. ஆகவே தளத்தில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை, அதன் முடிவில் கல் பரப்புவதற்கே செலவிட வேண்டும்.

நீரை மறிக்கத் தளத்தின் மேல் நிறுத்தும் தடுப்புக் கட்டைகள் மூன்றாவது வழி. அத்தகைய கட்டைகள் கொண்ட, அமெரிக்க நீர்வளச் சீரமைப்புத் துறையின் மூன்றாம் வகைத் தொட்டி, தாவலுக்குப் பிந்தைய ஆழத்தைப் போல் 2.7 மடங்கு நீளத்திலேயே வேலையை முடித்துவிடுகிறது. அதிவேக நீரில் ஆவிக் குமிழ்கள் தோன்றி உடைவதால் ஏற்படும் குழிப்பு கட்டைகளை அரித்துவிடும் என்ற குறை பெரிய அணைகளுக்கு உரியது. நொடிக்கு 5 மீட்டரில் அந்த அச்சமில்லை. கண்மாயில் வேறு தொல்லை: மிதந்து வரும் சீமைக்கருவேல முட்கிளைகள் கட்டைகளில் சிக்கி, அடைத்துக்கொள்ளும்.

வெள்ளம் பெருத்தால் கணக்கு மாறும். அதே கலிங்கில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு 1.5 கன மீட்டர் வழிந்தால் ஃபுரூடு எண் 3.5 அளவுக்கு இறங்கி, தாவல் மேலும் கீழும் ஊசலாடி, வாய்க்காலில் நெடுந்தூரம் அலையடிக்கும். சொரசொரப்பு மட்டும் அதைத் தீர்க்கும் என்று நம்பக் கூடாது, கரைகளுக்கும் கல் கட்ட வேண்டும்.

கீழ்க் கண்மாயின் நீர் கலிங்கின் அடிவரை எப்போதும் ஆழமாகத் தேங்கி நிற்கும் இடத்தில், தாவல் மூழ்கியே நிகழும் என்பதால், சொரசொரப்புக்குச் செலவிடுவது வீண். அங்கே வழவழப்பான தளமே போதும். மற்ற இடங்களில், என் கருத்தில், கருங்கல்லை முகட்டு மட்டம் தப்பாமல் கான்கிரீட்டில் பதித்த தளமே ஏற்றது. செம்பூரான்கல் மலிவாகக் கிடைத்தாலும் இந்த அடிக்குத் தாங்காது. வண்டல் படிந்தால் பள்ளங்கள் நிரம்பி, கரடான தளமும் வழவழப்பான தளமாகவே நடந்துகொள்ளும். ஆகவே புரட்டாசியிலேயே தூர் எடுத்து, இடுக்குகளில் முளைத்த சீமைக்கருவேலக் கன்றுகளையும் வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.